தவளைப்பாய்த்தும் ஆற்றொழுக்கும்

சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் நிலையை நன்னூலார் நான்காக வகுத்தனர். ஆற்றொழுக்கு, அரிமாநோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு என்பன அவை. முன்னதன் கருத்துப் பின்னதனுள் இடையறாது ஓடிச் செல்வது ஆற்றொழுக்கு. அடுத்து நிற்கும் சூத்திரத்தைத் தாண்டி அப்பாலுள்ள சூத்திரத்தோடு சென்று பொருந்துவது தவளைப்பாய்த்து. இவற்றை நாம் ஆண்டுதோறும் படிப்பிக்கின்றோம். மாணவரும் மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். காட்டிலே சிங்கத்தைக் கண்டவர் நம்முள் எவருமிலர். ஆயின் தவளையையும் ஓடும் நீரையும் மட்டக்களப்பு மாணவனுக்குப் படம் எழுதிக் காட்டவேண்டுவதில்லை.

இம்மலருக்கு இலக்கணக் கட்டுரையொன்று எழுதுவதே நமது எண்ணமாயிருந்தது. (பாடுமீனைப் பற்றி எழுதுக என்றார் நண்பர் ஒருவர். அதனைப் பற்றி எழுதாத மலர் இவ்வூரில் இல்லை, அது நிற்க.) விஞ்ஞான ஆசிரியர்களோடு உரையாடியபோது வியப்பான செய்தியொன்று நமது செவிக்கு எட்டியது. கணனியைக் கொண்டு நீரோட்டத்தைக் கணிப்போர் கையாளும் முறையொன்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் தவளைப்பாய்ச்சல் என்பதாம். இலக்கணப் புலவர் வெவ்வேறாகப் பிரித்து வைத்த இரண்டையும் கணிதப் புலவர் சேர்த்து வைத்துவிட்டனர். ஆற்றொழுக்கைத் தவளைப்பாய்த்தினால் அறிகின்றனர். இதனைக் கேட்டபின் வாளாவிருத்தல் இயலாதாயிற்று. தமிழாசிரியன் விஞ்ஞானம் எழுதலாமோ என்று வினவுவார்க்கு, காரைதீவிற் பிறந்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1947இல் யாழ்நூலை வெளியிட்டு, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டுக் காட்டிய விபுலாநந்த அடிகளைச் சுட்டிக்காட்டி மேற்செல்வோம்.

முதலில் தவளையை நோக்குவாம்.

மாரி தொடங்கிப் படுவான்கரை வட்டைகளில் நீர் நிரம்பியதும் தவளைகளின் ஆரவாரம் இரவெல்லாம் கேட்கும். வரம்பில் இருக்கும் தவளை ஒன்றைச் சற்றுப் பொறுமையோடு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அதன் முன்னே ஈயொன்று வந்து அமர்ந்து அசையாதிருக்குமாயின் தவளையும் அசையாதிருக்கும். ஈ ஓரடி எடுத்து வைத்த மாத்திரத்தே நா வெளிப்படும், ஈ மறையும். செத்த ஈக்களைச் சுற்றிலும் பரப்பி அதன் நடுவே தவளையை அடைத்து வைத்தால், உணவின் நடுவிலேயே அது பட்டினியால் இறக்கும். ஈ அங்கே இல்லாமலில்லை, கண்ணும் பழுதில்லை. எனினும் அசையாத ஈ தவளைக்கு ஈயாகத் தோன்றுவதில்லை. கிணற்றுத் தவளை என்று நாம் ஏசுவது அதன் உலகம் சிறிதென்பதனால். உண்மையில் அதன் உலகம் சிறிதன்று, வேறானது.

இதன் காரணத்தை ஆராய்ந்தோர் பலர். அவருள் நால்வர் அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே செய்த ஆராய்ச்சி 1959இல் வெளிவந்தது. லெற்வின், சிலி நாட்டவரான மற்றுறானா, மக்கலக், பெரும்பாலும் தாமே கற்றுக் கணித வல்லுநரான பிற்ஸ் என்பார் அந்நால்வர். தவளையின் கண் தவளையின் மூளைக்குச் சொல்வது யாது என்பதே அவர்கள் எழுப்பிய வினாவும், அவர்தம் கட்டுரையின் தலைப்புமாகும். பதினான்கு அங்குல விட்டமுள்ள அலுமினிய அரைக்கோளம் ஒன்றைத் தவளையின் கண்முன் கவிழ்த்து, அதனுள்ளே சிறு பொருள்களை வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் அவற்றை அசைத்தனர். பார்வை நரம்பின் ஒற்றை இழையிலே நுண்ணிய மின்வாயைப் பொருத்தி, எவ்வெப் பொருளுக்கு எவ்விழை துடிக்கின்றதென்று கேட்டனர். கேட்டனர் என்பது வெறும் உபசார வழக்கன்று. நரம்பின் துடிப்பை ஒலிபெருக்கி வழியாகக் கேட்பது இத்துறையினர் வழக்கம்.

அவர்கள் கண்டது இது. கண் புகைப்படப் பெட்டியைப் போலக் காட்சியைப் புள்ளி புள்ளியாக மூளைக்கு அனுப்புவதில்லை. தவளையின் விழித்திரையில் ஒளியை ஏற்கும் கலங்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம். மூளைக்குச் செல்லும் இழைகளோ ஐந்து இலட்சமளவே. இடையிலே சுருக்கம் நிகழ்கின்றது. விழித்திரை தானே காட்சியை ஆராய்ந்து, நால்வகைச் செய்திகளை மாத்திரம் அனுப்புகின்றது. ஒருவகை இழை, பொருளின் விளிம்பு வந்து நின்றால் துடிக்கும். இன்னொருவகை, சிறியதும் கரியதும் விளிம்பு வளைந்ததுமான பொருள் அசைந்து வந்தால் துடிக்கும். மூன்றாவது, விளிம்பு அசையும்போது மாத்திரம் துடிக்கும். நான்காவது, ஒளி குன்றினால், அஃதாவது பெரிய நிழல் ஒன்று மேலே விழுந்தால், துடிக்கும். இவ்வகைகள் மூளையில் நான்கு படைகளாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய நான்கு படங்களைப் போலச் சென்று முடிகின்றன. இரண்டாம் வகை ஈக்கு. நான்காம் வகை கொக்குக்கும் பருந்துக்கும் என்று சொல்லிவிடலாமன்றோ! அவ்வாறு சொல்லிவிட ஆராய்ச்சியாளர்க்கும் ஆசை பிறந்தது. இரண்டாம் வகைக்குப் பூச்சி காட்டும் இழை என்னும் பெயர் வழங்கலாயிற்று.

அவர்கள் செய்த சோதனைகளுள் நமது மனத்தை மிகக் கவர்ந்தது பின்வருவது. தவளை வாழும் இடத்தைப் புல்லும் பூவுமாகத் தவளையின் கண்மட்டத்திலிருந்து எடுத்த வண்ணப் படமொன்றை அதன் முன்னே அசைத்தனர். இரண்டாம் வகை இழை வாய் திறக்கவில்லை. ஈயளவான பொருளொன்றைப் படத்தின்மேல் தனியே அசைத்தனர். இழை உடனே துடித்தது. அதே பொருளைப் படத்தோடு ஒட்டி இரண்டையும் ஒன்றாக அசைத்தனர், மீண்டும் மௌனம். ஆகவே இவ்விழை அறிவது அசைவை மாத்திரமன்று. சூழல் அசையாதிருக்கத் தான் அசைவதை, அல்லது சூழலினின்றும் வேறாக அசைவதை. காற்றில் நாணல் முழுதும் ஆடினால் தவளைக்குக் கவலையில்லை. நாணலின் ஆட்டத்தோடு சேராது ஒரு புள்ளி நகர்ந்தாற் போதும்.

தாமரையிலைமேல் அமர்ந்திருக்கும்போது நீர் தளும்பி இலை ஆடினால் தவளையின் கண் எதிர்ப்புறமாகத் திரும்பிக் காட்சியை நிலைநிறுத்திக் கொள்ளும். அதன் கண்ணசைவு இவ்வளவே. நாம் வரிவரியாக ஏட்டை நோக்குவதுபோல அது கண்ணை ஓட்டித் தேடுவதில்லை. நம்முடைய கண் நிற்கும் பொருளை எவ்வாறு காண்கின்றதெனின், கண் ஒருகணமும் நில்லாது நுண்ணியதாக நடுங்கிக்கொண்டே இருத்தலினாலாம். 1952இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நிகழ்ந்தது. கண்ணோடு சேர்ந்து காட்சியும் அசையுமாறு செய்து, விழித்திரையில் அதனை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டார்கள். சில செக்கன்களில் அக்காட்சி மங்கி மறைந்தது. அசையாததைக் காணமாட்டாத குறை நமக்கும் உண்டு. அதனை மறைக்க நம் கண் தானே நடுங்குகின்றது.

பூச்சி காட்டும் இழை என்ற பெயரிலே கதை முடிந்துவிட்டதென்று கருதிய காலமும் இருந்தது. செர்மனியிலே யோர்க் பீற்றர் ஏவெற் என்பார் 1960ஆம் ஆண்டுகள் தொடங்கித் தேரையை ஆராய்ந்து, அவ்வளவிற் கதை முடியாதென்று காட்டினார். தேரை என்றது நிலத்திலே தத்தித் திரியும் சொறித்தோலுடைய தவளையினத்தை. ஒடுங்கிய கரிய பட்டையொன்றை அதன் நீளத்தின் வழியே, புழு ஊர்வதுபோல, நகர்த்தினால் தேரை பாய்ந்து பிடிக்க முனையும். அதே பட்டையை நிமிர்த்தி நிறுத்தி அதே வேகத்தில் நகர்த்தினால் வாளாவிருக்கும். சிலவேளை அஞ்சி ஒதுங்கும். பொருள் ஒன்றே, வேகம் ஒன்றே. அசையும் திசைக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு மாத்திரம் வேறு. இத்தீர்ப்பை விழித்திரை தனித்து வழங்குவதில்லை, மூளை வழங்குகின்றது. மூளையில் ஒரு பகுதி பாய் என்கின்றது. இன்னொரு பகுதி பொறு என்கின்றது. பொறு என்னும் பகுதியைப் பழுதாக்கியபோது தேரை அசைந்த யாவற்றின்மேலும் பாய்ந்தது. ஆதலின் காணுதல் என்பது வருவதை ஏற்றல் மாத்திரமன்று, பெரும்பகுதியைத் தள்ளுதலாம்.

இனி அசைவை ஒரு கண் எவ்வாறு அளக்கும்? ஒரு புள்ளியை மாத்திரம் நோக்கினால் அங்கே ஒளி கூடியது, குறைந்தது என்று கூறலாமேயன்றி, இங்கிருந்து அங்கே சென்றது என்று கூறலாகாது. அசைவை அறிய அண்மையிலுள்ள இரண்டு இடங்களும் அடுத்து வரும் இரண்டு கணங்களும் வேண்டும். ஓரிடத்துச் செய்தியைச் சற்றே தாமதித்து, அடுத்த இடத்துச் செய்தியோடு ஒப்பிடவேண்டும். வண்டொன்றின் பார்வையை ஆராய்ந்த அசன்சைன், றைக்காட் என்னும் செர்மானியர் இருவர் இக்கணக்கை 1956இல் தெளிவாக எழுதிவைத்தனர். இரண்டு இடம், இரண்டு கணம், அவற்றின் வேறுபாடு என்னும் இம்மூன்றையும் மனத்திற் கொள்க. ஓடும் நீரைக் கணிக்கப் புகும் கணனியின் கையில் இருப்பனவும் இவையே.

நீரின் ஒழுக்கம் இருவகைத்து. 1883இல் மான்செஸ்ரர் நகரிலே ஒஸ்போன் றெனோல்ட்ஸ் என்னும் பேராசிரியர் கண்ணாடிக் குழாயினூடே நீரை ஓடவிட்டு, அதன் நடுவே சாய நீரை மெல்லிய இழையாகச் செலுத்தினார். ஓட்டம் மெதுவாயிருந்தபோது சாயம் இழை கலையாது குழாயின் இறுதிவரை சென்றது. விசையைக் கூட்டியபோது ஓரிடத்தில் இழை நெளிந்து, உடைந்து, குழாய் முழுதும் சாயம் பரந்தது. முன்னது அருவிக்கோட்டுப் பாய்ச்சல். பின்னது கொந்தளிப்புப் பாய்ச்சல். ஓட்டத்தின் வேகத்தைக் குழாயின் விட்டத்தாற் பெருக்கி, நீரின் பிசுக்குமையைக் காட்டும் எண்ணால் வகுத்தால் வருவது றெனோல்ட்ஸ் எண். குழாயில் அது ஏறத்தாழ 2,000ஐக் கடந்தால் கொந்தளிப்புக்கு இடமுண்டு. நமது வாவியில் இரண்டு மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் நீர் ஓடுவதாகக் கொண்டால் அவ்வெண் பத்து இலட்சம்! மாரிவெள்ளம் முகத்துவாரத்தை நோக்கிச் செல்லுங்கால் அமைதியாகத் தோன்றும் நீரும் உள்ளே கொந்தளிப்புடையதே. நன்னூலார் கூறிய இடையறாத ஆற்றொழுக்கு, அண்மையிற் சென்று பார்த்தால் சுழிக்குள் சுழியாக இருக்கின்றது.

நீரோட்டத்தின் விதிகள் அறியப்படாதவையல்ல. பிரான்சிய தேசத்து நேவியே 1822இலும், இங்கிலாந்தில் ஸ்ரோக்ஸ் 1845இலும் எழுதிய சமன்பாடுகள் போதியன. இடர்ப்பாடு அவற்றைத் தீர்ப்பதிலேயே உளது. பெருஞ்சுழி தன் விசையைச் சிறுசுழிக்குக் கொடுக்கும்; அது தன்னிற் சிறியதற்குக் கொடுக்கும்; ஈற்றில் மில்லிமீற்றரிலும் சிறிய சுழியிலே பிசுக்குமையால் விசை அழிந்து வெப்பமாகும். இதன் அளவுகளை 1941இல் உருசியரான கொல்மொகொரோவ் வகுத்தார். நம் தமிழ்க்குடியில் வந்த சுப்பிரமணியன் சந்திரசேகரும் விண்மீன்களின் பொருட்டு இக்கொந்தளிப்பின் கொள்கையில் 1949ஐ அடுத்த சில ஆண்டுகள் உழைத்தார். கொல்மொகொரோவின் அளவைக்கொண்டு கணக்கிட்டால், மேலே கூறிய ஓட்டத்தில் இரண்டு மீற்றர் நீளம், அகலம், ஆழமுள்ள நீரை மிகச் சிறிய சுழியும் தப்பாதபடி கணிக்க, ஏறத்தாழ முப்பது இலட்சம் கோடி கட்டங்களாகப் பிரிக்கவேண்டும். அது சிறியதோர் அறையளவான நீர். வாவியின் நீளமோ ஐம்பது கிலோமீற்றருக்கு மேல்.

கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கலாம் என்பதை முதலிற் செயலிற் காட்டத் துணிந்தவர் லூயிஸ் றிச்சட்சன் என்னும் ஆங்கிலேயர். போரை வெறுத்த சமயக் குழுவைச் சேர்ந்த அவர், முதல் உலகப் போரில் பிரான்சிலே காயம்பட்டோரை ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் 1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதிய வானிலையைக் கையாற் கணித்தார். கையெழுத்துப்படி போர்க்களத்திலே தொலைந்து, பின்னர் பெல்சியத்தில் நிலக்கரிக் குவியலொன்றின் அடியிற் கிடைத்தது. ஆறு மணி நேரத்தில் வளியமுக்கம் 145 மில்லிபார் மாறும் என்றது அவர் கணக்கு. அப்படி ஒரு மாற்றம் உலகில் நிகழ்வதில்லை. இப்பிழையை மறைக்காது 1922இல் நூலாக வெளியிட்டார். அறுபத்து நாலாயிரம் மனிதர் ஒரு பெரிய மண்டபத்திலமர்ந்து, ஒவ்வொருவரும் தம் கட்டத்தைக் கணித்து அயலாருக்கு எண்ணைக் கொடுப்பதாக அந்நூலிலே ஒரு கனவும் கண்டார். 1950இல் எனியாக் என்னும் கணனி இருபத்து நாலு மணி நேரத்து வானிலையைக் கணித்தது. கணிப்பதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே எடுத்தது!

காலத்தில் எவ்வளவு தூரம் பாயலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கூறன், பிறீட்றிக்ஸ், லூயி என்னும் கணிதர் மூவர் 1928இல் அதனைக் கண்டனர். ஒரு பாய்ச்சலுக்குரிய நேரத்தில் அலை ஒரு கட்டத்துக்கு மேற் செல்லலாகாது. சென்றால் கணக்குச் சிதறும். வாவியின் ஆழம் இரண்டு மீற்றரென்றால் நீளலையின் வேகம் செக்கனுக்கு 4.4 மீற்றர். கட்டத்தின் பக்கம் 100 மீற்றராயின் ஒரு பாய்ச்சல் 22 செக்கனுக்கு உட்பட்டதாயிருத்தல் வேண்டும். நாலாயிரம் மீற்றர் ஆழமுள்ள வங்கக் கடலில் அலை செக்கனுக்கு 200 மீற்றர் செல்லும். மூன்று கிலோமீற்றர்க் கட்டத்துக்குப் பாய்ச்சல் 15 செக்கன். கட்டத்தைப் பாதியாக்கினால் பாய்ச்சலும் பாதியாகும். நுணுக்கமாகப் பார்க்க விரும்புவோன் அடிக்கடியும் பார்க்கவேண்டும்.

இனித் தவளைப்பாய்ச்சல் முறை. வாவியின் நீர்மட்டம் நேற்று 100 சதமமீற்றர். இன்றைய அளவிலே நாளொன்றுக்கு 5 சதமமீற்றராக ஏறுகின்றது. நாளைய மட்டம் யாது? நேற்றைய 100உடன், இன்றைய ஏற்றத்தின் இருமடங்காகிய 10ஐக் கூட்டுக, 110. நேற்றிலிருந்து இன்றைத் தாண்டி நாளைக்குப் பாய்ந்தோம். தாண்டப்பட்ட இன்று வீணாயிற்றோ எனின், அன்று. பாய்ச்சலின் விசையைத் தந்தது அதுவே. தொடக்கத்து வேகத்தைக்கொண்டு கணிப்பதினும் நடுவிலுள்ள வேகத்தைக்கொண்டு கணித்தல் மெய்க்கு அண்மையது. நன்னூல் உரையிலே தவளைப்பாய்த்துக்குத் தரும் விளக்கமும் இதுவும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! ஆங்கிலச் சிறுவர் ஒருவன் குனிய மற்றவன் தாண்டும் விளையாட்டுக்குத் தவளையின் பெயரை இட்டனர். நம் சிறுவர் அதனைப் பச்சைக்குதிரை என்பர். கணிப்பு முறைக்கு அவ்விளையாட்டிலிருந்தே பெயர் வந்தது. நாமோ நன்னூலிலிருந்து பெயர் தரலாம்.

இம்முறைக்கு ஒரு நோயும் உண்டு. ஒற்றைப்படை நாட்கள் ஒற்றைப்படை நாட்களையே பற்றித் தாவும்; இரட்டைப்படை நாட்கள் இரட்டைப்படை நாட்களையே பற்றும். நாளடைவில் இரண்டு கணக்குகளும் பிரிந்து, மட்டம் ஒருநாள் மேலும் ஒருநாள் கீழுமாகப் பொய்யாக ஆடத் தொடங்கும். உரையாசிரியர் தாவிய சூத்திரத்தை மறந்துவிட்டால் நூல் இரண்டாகப் பிளவுபடுமன்றோ, அதுபோல. 1966இல் றொபேட்டும் 1972இல் அசலினும் இதற்கு மருந்து சொன்னார்கள்: நடுநாளின் மட்டத்தை முன்பின் நாட்களின் சராசரியை நோக்கி ஒவ்வொரு தடவையும் சிறிதே இழுத்துவிடுதல். வேறொரு வழியும் உண்டு. மட்டத்தை ஒரு கணத்திலும், ஓட்டத்தின் வேகத்தை அதற்கு அரைக்கணம் பின்னரும் கணித்து, மட்டம் ஓட்டத்தைத் தாண்டவும் ஓட்டம் மட்டத்தைத் தாண்டவும் விடுதல். இரண்டு சிறுவர் மாறிமாறிப் பச்சைக்குதிரை தாண்டிச் செல்வது போன்றது இது. இவ்வகைப் பாய்த்தில் அந்நோய் அணுகாது.

ஆயினும் கட்டத்திலும் சிறிய சுழிகளை என் செய்வது? 1972இல் ஓர்சாக், பற்றர்சன் என்பார் எச்சுழியையும் விடாது கணித்தபோது அவர்கள் கையாண்டவை பக்கத்துக்கு 32ஆக 32,768 கட்டங்கள். முப்பது ஆண்டுகளின்பின் யப்பானியர் பெருங்கணனியொன்றில் பக்கத்துக்கு 4,096 கொண்டனர். அவை ஏறத்தாழ 6,872 கோடி. வாவிக்கும் கடலுக்கும் இது காணாது. ஆகவே சிறுசுழிகளைத் தனித்தனியே காணாது, அவை பெருஞ்சுழியிடமிருந்து எவ்வளவு விசையைப் பறிக்கும் என்பதை மாத்திரம் ஓர் எண்ணாக இடுகின்றனர். வானிலையார்க்கு ஸ்மகொறின்ஸ்கி 1963இல் அத்தகைய விதியொன்றைத் தந்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் அதற்கு முன்பே மன்னிங் எண்ணைக் கையாண்டு வந்தனர். அடியிலுள்ள மணல், கல், பாசி யாவற்றின் உராய்வும் அவ்வொரு சிறு எண்ணுள் அடங்கும்; மணற்றரைக்கு 0.025 என்பர். அயர்லாந்துப் பொறியியலாளர் றொபேட் மன்னிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் அது. கல்லடிப் பழைய பாலத்துக்குப் பெயர் தந்த மன்னிங் சீமாட்டி, தேசாதிபதியின் மனைவியார், மாணவர் மயங்கற்க.

தவளையின் கண் அசையாத ஈயைத் தள்ளுவதும் கணனி கட்டத்திற் சிறியதைத் தள்ளுவதும் ஒருவகையில் ஒன்றே. வேற்றுமை ஒன்றுண்டு. தவளை எதைத் தள்ளவேண்டுமென்பது எண்ணிறந்த தலைமுறைகளில் வாழ்வும் சாவும் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. கணனி எதைத் தள்ளவேண்டுமென்பதை மேசைக்கு முன்னமர்ந்த ஒருவர் தீர்மானிக்கின்றார்.

இது நமக்கு ஏட்டுச் செய்தியன்று. 2004 திசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நமது கரையை அடைந்தது. இந்துமாக்கடலுக்கென ஓர் எச்சரிக்கை முறை அன்று இல்லை. நாவலடியும் திருச்செந்தூரும் கல்லடியும் பட்ட பாட்டை இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துக் கூறவேண்டுவதில்லை. பலர் உறவினரை இழந்தவர்கள். அத்தகைய அலையைக் கணிப்பதற்கு யப்பானில் தோகோக்கு பல்கலைக்கழகத்தார் ஆக்கிய தூனாமி என்னும் செய்நிரல் மேலே கூறிய இரண்டாம் வகைத் தவளைப்பாய்ச்சலையே கையாள்கின்றது. தரையின் உராய்வுக்கு மன்னிங் எண்ணைக் கொள்கின்றது. ஐதராபாத்தில் 2007இல் தொடங்கிய இந்திய எச்சரிக்கை நிலையமும் இச்செய்நிரலைக் கொண்டு பல நிலநடுக்கங்களுக்குரிய அலைகளை முன்கூட்டியே கணித்து வைத்தது. நிலம் அதிர்ந்தபின் கணிக்கத் தொடங்கினால் நேரம் போதாதன்றோ. 2012 ஏப்பிரில் 11ஆம் நாள் சுமாத்திராப் பக்கத்தில் மீண்டும் பெருநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்ளே சென்றனர். பேரலை வரவில்லை. நிலம் மேலுங் கீழுமாகப் பெயராது பெரும்பாலும் பக்கவாட்டிற் பெயர்ந்தமையே அதற்குக் காரணம்.

கடல் நடுவே மூன்று கிலோமீற்றர்க் கட்டம் போதும். கரைக்கு வந்தபின் அது போதாது. நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிடல். பெரிய கட்டத்துள் அதனை இட்டால் ஒன்றில் முழுதும் கடலாகும். அல்லது முழுதும் நிலமாகும். அங்கே வீடுகள் இருப்பதோ, இருபுறமும் நீர் சூழ ஓடுவதற்கு வழியில்லாதிருப்பதோ அக்கணக்கிற் புலப்படாது. அசையாத ஈ தவளைக்குப் புலப்படாதது போன்றதே இதுவும். கரையை நெருங்க நெருங்கக் கட்டங்களைச் சிறிதாக்கி ஒன்றனுள் ஒன்றாக அமைத்தல் வேண்டும். அதற்கு நிலத்தின் உயரத்தையும் வாவியின் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து வைத்திருத்தல் வேண்டும். அளவாத இடத்தை எந்தக் கணனியும் கணிக்காது. இவ்வேலை விண்ணிலிருந்து இறங்கி வராது. கயிறும் கோலுங் கொண்டு தோணியிற் செல்வார் சிலரை வேண்டி நிற்கின்றது.

முகத்துவாரத்தின் செய்தியும் இத்தன்மையதே. மாரியில் மணல் வாயை அடைத்து நிற்க, வட்டைகளில் வேளாண்மை மூழ்கும். வாயை வெட்டுக என்பர் படுவான்கரையார். அகாலத்தில் வெட்டினால் நீர் வடிந்து உவர் ஏறி மீனும் இறாலும் கெடும் என்பர் வாவியில் வலை வீசுவோர். 2011 தொடக்கத்து வெள்ளத்தைக் கண்டவர்க்கு இவ்வழக்கின் கடுமை தெரியும். வெட்டிய வாய் எவ்வளவு அகலும் என்பது மணலை எழுப்பும் கொந்தளிப்பைப் பொறுத்தது. முதலில் ஒருவர் தாண்டக்கூடிய கால்வாய் தன்னைத்தானே அரித்துச் சில மணி நேரத்திற் பேராறாகிவிடும். என்று வெட்டுவது, எங்கே வெட்டுவது என்பதைக் கட்டமும் பாய்ச்சலுங் கொண்டு முன்னரே கணித்துப் பார்க்கலாம். இருசாராரும் ஒரு மேசையிலமர்ந்து வாதிடுவதற்கு அஃது ஓர் ஏடாகும். தீர்ப்பு அவர்களுடையது. இதனை நமது கல்லூரி மாணவன் ஒருவன் ஒருநாட் செய்வானாயின் நன்று.

அவன் இன்றே தொடங்குவதற்கு இரண்டு பயிற்சிகள் தருகின்றோம். மழை விட்ட மாலையில் நூலின் நுனியிற் சிறு கரும்பஞ்சுத் துண்டொன்றைக் கட்டித் தவளையின் முன்னே தொங்கவிடுக. தூண்டில் முள் வேண்டாம். தவளைக்கு நோவு செய்யற்க. அசையாது பிடித்தபோதும், மெல்ல இழுத்தபோதும், அதே அளவான துண்டைப் புல்லும் பூவும் எழுதிய தாளொன்றில் ஒட்டித் தாளையே அசைத்தபோதும், ஒவ்வொன்றிலும் பத்துத் தடவையில் எத்தனை தடவை பாய்ந்ததென்று கொப்பியில் எழுதுக.

மற்றையது நீரில். மெதுவாக ஓடும் வாய்க்காலில் ஐந்து சதமமீற்றர் பருமனுள்ள வட்டக் கம்பொன்றை நட்டு, மேற்புறத்தே சிறிது உமியைத் தூவுக. கம்பின் பின்னே இடமும் வலமும் மாறிமாறிச் சுழிகள் கழன்று செல்வதைக் காணலாம். அருகிலே இலையொன்றை மிதக்கவிட்டு ஓட்டத்தின் வேகத்தை அளக்க. கம்பின் பருமனை ஐந்தாற் பெருக்கி வேகத்தால் வகுத்தால், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துக் கழலும் இரு சுழிகளுக்கு இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ வரும். நீர் செக்கனுக்கு 25 சதமமீற்றர் செல்லுமாயின் அந்நேரம் ஒரு செக்கன். அரை மீற்றர் வேகத்தில், இரண்டு மீற்றர் பருமனுள்ள வட்டத் தூண் ஒன்றுக்கு இருபது செக்கன். கல்லடிப் பாலத்தின்மேல் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பாலத்தின் தூணுக்கு எவ்வளவு வருகின்றதென்று எண்ணி, கணக்கோடு ஒப்பிட்டு எழுதி வருவோருடைய கொப்பியைத் திருத்தித் தர நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.